கயிற்றுக்கு அந்தப் பக்கம் பப்ளிக்

பிப்ரவரி 3, திங்கள்

பச்சைப் புடவை, சிவப்புக் கரை. தலையில் பூ இல்லை. இடது கையில் ஒயர் கூடை. ஜாக்கெட் கம்பெனி கொடுத்தது, அக்குளில் பிடிக்கிறது.

இதை எழுதி வைக்கச் சொன்னது காஸ்ட்யூம் தம்பி. "நாளைக்கும் இதே சீன்தான் ஆன்ட்டி. நீங்க பாட்டுக்குக் கூடையை வலது கையில புடிச்சுகினு வந்து நின்னா கண்டினியூட்டி போய்டும்" என்றான். மெடிக்கல் ஷாப்பில் சும்மா கொடுத்த டைரி ஒன்று இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு முழுப் பக்கம். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு இரண்டு வரி போதும்தான். ஆனால் காலியாகக் கிடக்கிற இடத்தைப் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. கையும் அப்படித்தான் போலிருக்கிறது.

நாங்கள் கிரவுட். ஏஜென்ட் டில்லிபாபு வடபழனிக்கு வேன் அனுப்புவார், ஏறிக்கொள்வோம். கல்யாண சீன் என்றால் சிரிப்போம், சாவு சீன் என்றால் அழுவோம். என்ன கதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்க மாட்டோம். இந்தக் கம்பெனி பம்பாய்க்காரர்களுடையது. சினிமா கூட இல்லை, போனில் பார்க்கிற தொடராம். எண்ணூர் ரோட்டில் மூடிக்கிடக்கும் ஒரு மில்லுக்குள் தகரமும் தார்ப்பாயும் போட்டுக் குப்பம் மாதிரி செட் போட்டிருக்கிறார்கள். மதில் சுவருக்கு அந்தப் பக்கமே நிஜக் குப்பம் இருக்கிறது.

"அதுலயே எடுத்தா இன்னாவாம் பவுனு?" என்று ரெஜினா கேட்டாள்.

"அதுல ஆளுங்க குடியிருக்காங்கமே. சீன் கெட்டுப் பூடும்" என்றேன்.

ரெஜினா எனக்குப் பக்கத்து போர்ஷன். புருஷன் போய்ச் சேர்ந்தபின் தம்பி லூர்துவோடு இருக்கிறாள். என்னைப்போல வாயாடி இல்லை. ஆனால் விழுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. குண்டு பட்டு விழு, மயக்கத்தில் விழு, நெஞ்சு வலியில் விழு, எதைச் சொன்னாலும் அப்படியே விழுவாள்.

செட்டுக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் நாங்கள், கிரவுட். அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்க வந்து நிற்கும் குப்பத்து ஜனங்கள், அவர்கள் பப்ளிக். எங்களுக்கு டிபன் உண்டு, அவர்களுக்கு விரட்டு உண்டு. கயிற்றை அவிழ்த்துவிட்டால் யார் யாரென்று பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது.

பிப்ரவரி 4, செவ்வாய்

பச்சைப் புடவையேதான். கூடை இடது கையில்.

டைரக்டர் காலையில் மைக்கில் இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். அசிஸ்டென்ட் பெண் மேகனா தமிழில் சொன்னாள். பூனாவில் வளர்ந்தவளாம், அவள் தமிழ் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். "இன்று இந்தக் கம்யூனிட்டி மிகுந்த வேதனையில் இருக்கிறது" என்றாள்.

"எந்தக் கம்யூனிட்டி? பிசியா, எம்பிசியா?" என்று பின்வரிசையிலிருந்து எங்கள் கிரவுட்டு இந்திராணி கேட்டாள்.

"சர்டிபிகேட் வெச்சிருக்கறவங்க மட்டும் வேதனைப்படுங்கடி" என்று நான் ஆரம்பித்தேன். வேன் வேனாகச் சிரித்தோம். வேதனை வருவதற்கு அரை மணி ஆயிற்று.

மத்தியானம் என்னை அட்மாஸ்பியர் ஆக்கினார்கள்.

"அப்டின்னா இன்னா பாப்பா?" என்று மேகனாவைக் கேட்டேன்.

"பின்னாடி சும்மா நடக்கறவங்க ஆன்ட்டி. காத்து மாதிரி. இருக்கணும், ஆனா தெரியக் கூடாது."

"இந்த ஒடம்ப வெச்சுகினு காத்தா? புயலுன்னு வேணா போட்டுக்கோ."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தாள். கூட்டத்துக்கு உங்கள் இங்கிலீஷில் எத்தனை பெயர் இருக்கிறது என்று கேட்டேன். விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் மாப் என்றாள்.

"அது தெரியும். மூஞ்சில கரி பூசுவாங்க, கையில கட்டை குடுப்பாங்க" என்றேன்.

"கரெக்ட். கோவமான கூட்டம். அவங்க எதையாவது உடைப்பாங்க."

"எதுக்குக் கோவம்னு கதையில வருமா?"

யோசித்துப் பார்த்துவிட்டு, "அது நாலாவது எபிசோட்ல வரும்னு நினைக்கிறேன்" என்றாள்.

ரெஜினாவுக்கு மாப்பில் போக ரொம்ப நாளாக ஆசை. டில்லிபாபு விட மாட்டார். உன் மூஞ்சிக்கு அழுகைதான் வரும், கட்டையெல்லாம் கொடுத்தால் கட்டைக்கே அழுகை வந்துவிடும் என்பார்.

பிப்ரவரி 5, புதன்

பச்சை. கூடை இல்லை, ஓடும்போது எறிந்துவிட்டதாகக் கதை.

கேஸ் சிலிண்டர்க்காரன் வந்து பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். ரெஜினா அடுப்பில்தான் சோறு.

இன்றோடு ரெஜினாவுக்கு வேலை முடிந்தது. லத்தி அடி பட்டு விழுகிற சீன். மூன்று தடவையும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி விழுந்தாள். டைரக்டரே கைதட்டினார். கட் சொன்னாலும் உடனே எழ மாட்டாள். எல்லாரும் எழுந்து தூசி தட்டியபிறகு, கடைசியாக, ராணி மாதிரி எழுவாள். அதுதான் அவள் கௌரவம்.

பிப்ரவரி 6, வியாழன்

நீலப் புடவை, வெள்ளைப் பூ. வளையல் ஆறு, இப்போது ஐந்து.

இன்றைக்கு ஜோராகத்தான் போனது. போலீஸ் துரத்த, கூட்டம் மில் கேட் வழியாக ஓடி வெளியே வர வேண்டும். நம்ம வேன் ஒன்று வழியில் படுத்துவிட்டதால் ஆள் குறைவு. டில்லிபாபு அவசரமாக ரெஜினாவுக்குப் போன் போட்டு வரவழைத்தார். கம்பெனிப் புடவை தீர்ந்துபோய், அவள் வீட்டிலிருந்து கட்டி வந்த ரோஸ் கலர் புடவையோடேயே நின்றாள்.

அப்படியும் டைரக்டருக்குக் கூட்டம் பத்தவில்லை. டிவி பெட்டியைப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்கு பப்ளிக் என்ற ஒரு வார்த்தைதான் புரிந்தது. மேகனா மைக்கை எடுத்துக்கொண்டு கயிற்றண்டை போய், "தயவு செய்து அனைவரும் உள்ளே வரவும்" என்றாள். ரயில்வே ஸ்டேஷனில் சொல்கிற மாதிரி இருந்தது. ஒருத்தரும் அசையவில்லை. தினமும் விரட்டுகிறவர்கள் இன்றைக்குக் கூப்பிட்டால் யார் நம்புவார்கள்? என்னிடம் மைக்கைக் கொடுத்தாள்.

நான் சும்மா விடுவேனா? "இன்னாமே, நாலு நாளா நின்னு நின்னு காலு வலிக்கல? எல்லாரும் வாங்க. போன்ல வரப்போறீங்க. புருசனுக்குப் பயந்து ஓடாதவங்க இன்னைக்குப் போலீஸுக்குப் பயந்து ஓடுங்க" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். ஒரு அம்மா கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள், மற்றவர்கள் குனிந்து வந்தார்கள். யூனிட்டே சிரித்தது. கம்பெனி மேனேஜர் சுதர்சனம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். சினிமாவில் இன்றைக்குத்தான் நான் பேசி ஒன்று நடந்திருக்கிறது.

புகை போட்டார்கள். ஓடினோம். கேட்டில் ஒரு கதவுதான் திறந்திருந்தது. இன்னொன்று துருப்பிடித்துப் போயிருந்ததாம், முதலில் யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. நல்ல சத்தம், நல்ல கதறல். கட் சொல்லும்வரை நிற்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். நிற்கவில்லை.

கட் சொன்னார்கள். எழுந்து தூசி தட்டினோம். ரெஜினா எழவில்லை. வழக்கம்தானே. "போதும்மே, கேமராவே மூடிட்டாங்க" என்றேன். இந்திராணி கைதட்டினாள். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள்.

ரெஜினாவுக்குக் கொஞ்சம் அடி. காஸ்ட்யூம் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாளைக்கு வந்துவிடுவாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஷூட்டிங் இல்லை. துணி ஊற வைத்தேன். ரெஜினா வீட்டுத் தண்ணீர்க் குடத்தையும் நிரப்பி வைத்தேன், வந்தால் உடனே தூக்கக் கூடாதே என்று.

கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலையில் கட்டு, கண் திறக்கவில்லை. இடுப்பெலும்பு விட்டுப்போயிருக்கிறது, பிளேட் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். லூர்து கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவன், எப்பேர்ப்பட்ட எடைக்கும் முதுகு வளையாது. இன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அதே வார்டில் குப்பத்துப் பெண்கள் மூன்று பேர், அதே கேட்டில் மிதிபட்டவர்கள். அதில் தேசம்மா என்றொருத்திக்கு முழங்கையில் மாவுக்கட்டு. லூர்துவோடு நான் பேசுகிற குரலைக் கேட்டுத் திரும்பினாள்.

"யக்கா, நீதான மைக்ல கூவுன?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்த முகத்தைப் பஸ்ஸில் பார்த்த மாதிரி கேட்டாள். பாட்டிலில் தண்ணீர் தீர்ந்திருந்தது. நான் பிடித்து வரப் போனேன். குழாயில் கூட்டம், நேரமாகிவிட்டது.

பிப்ரவரி 8, சனி

டில்லிபாபு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பேசினார். கம்பெனி இன்ஷூரன்ஸ் கிரவுட்டுக்கு உண்டு, பப்ளிக்குக்குக் கிடையாது. ரெஜினா கிரவுட் இல்லை என்கிறார்கள். அன்றைக்கு அவளுக்குக் கால்ஷீட் இல்லை, கட்டியிருந்ததும் சொந்தப் புடவை.

"நீ போன் பண்ணித்தானேய்யா வந்தா?" என்றேன்.

"பண்ணேன். யாரு இல்லன்னா? அத நான் சொன்னா அடுத்த படத்துக்கு எவன் என்னைக் கூப்புடுவான்? நான் தலைய எண்றவன் பவுனு, பேரு கேக்கறவன் இல்ல."

அதோடு முடியவில்லை. கம்பெனி போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறதாம். வெளியாட்கள் கும்பலாகக் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே புகுந்து பொருளை உடைத்தார்கள், அதில்தான் அடி பட்டது என்று. இங்கிலீஷ் பேப்பரிலும் வந்துவிட்டது. லூர்து அதை மெடிக்கல் ஷாப்காரரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். மாப் என்று போட்டிருக்கிறதாம்.

புகாரில் நாலு பேர் பெயர் இருக்கிறது. ரெஜினா, தேசம்மா, மற்ற இரண்டு பேர். ஓடிப்போனவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. படுத்துக் கிடக்கிறவர்களின் பெயர் ஆஸ்பத்திரியில் கிடைக்கிறது.

ரெஜினா ஆசைப்பட்ட மாப் கடைசியில் கிடைத்துவிட்டது என்று லூர்துவிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

மேனேஜர் சுதர்சனம் வீட்டுக்கே வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். அவருக்கு நாற்காலி போட்டு, நான் கீழே உட்கார்ந்தேன்.

"டைரக்டருக்கு உங்க வாய் ரொம்பப் புடிச்சுப்போச்சும்மா. உங்கள கேரக்டர் பண்ணச் சொல்றாரு. ஒரு டயலாக் இருக்கு. நாளையிலேர்ந்து நீங்க கிரவுட் இல்ல."

சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

ஸ்டேஷனுக்கு ஒரு நாள் வந்து, வெளியாட்கள் தாங்களாகவே புகுந்தார்கள் என்று சொன்னால் போதுமாம். எல்லாருக்கும் நல்லது என்றார். ரெஜினாவைப் பற்றிக் கேட்டேன்.

"பாவம்தான். என்ன பண்றது, பப்ளிக்குக்கெல்லாம் நாம பொறுப்பாக முடியுமா?"

எழுந்திருக்கும்போது மைக்கைப் பற்றியும் ஏதோ சொன்னார். யார் கையில் இருந்தது என்று வீடியோவில் தெரிகிறதாம், அவர்தான் யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறாராம். டீ ஆறிவிடும், குடியுங்கள் என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

மஞ்சள் புடவை, நாலு நாள் கட்டியது மாதிரி டீ டிகாக்ஷன் தெளித்தது. சொந்த ஜாக்கெட்.

எனக்கு நாற்காலி போட்டார்கள். கிரவுட்டுக்கு நாற்காலி கிடையாது, எங்காவது நிழலில் தரையில் உட்கார்ந்துகொள்வோம். கேரக்டர் என்றால் நாற்காலி, குடை, தனியாகச் சாப்பாடு. முகத்துக்குப் பவுடர் போட ஒரு பெண் வந்தாள். டயலாக், "தண்ணி லாரி இன்னைக்கும் வரல" என்பது. ஒரே டேக்கில் சொல்லிவிட்டேன்.

இந்திராணி மரத்தடியிலிருந்து சத்தமாகச் சொன்னாள். "கேரக்டரம்மாவுக்கு வெயில் படுது பாரு, யாராவது குடைய நகத்துங்க."

நானும் விடாமல், "காலும் வலிக்குது, அமுக்க வர்றியா?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. வழக்கமாக என் மொக்கைக்கே சிரிக்கிறவர்கள். சாப்பாட்டு நேரத்தில் தட்டை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். இடம் விட்டார்கள். ரொம்பவே விட்டார்கள்.

மேகனா ஓரமாக வந்து, "ரெஜினா ஆன்ட்டி எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். கண் சிவந்திருந்தது. "எங்க யாரையும் எதுவும் பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க ஆன்ட்டி" என்றாள்.

"பேசாத பாப்பா. ஒனக்கு இன்னும் வயசிருக்கு, பொழப்பப் பாரு" என்றேன். எனக்கு என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

நாற்காலி பிளாஸ்டிக்தான். ஒரு கால் ஆடுகிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

ரெஜினா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். உதடு ஒட்டியிருந்தது, பஞ்சில் தண்ணீர் நனைத்து வைத்தேன்.

"கட் சொல்ட்டாங்களா?" என்று கேட்டாள்.

சொல்லிவிட்டார்கள் என்றேன்.

பிப்ரவரி 12, புதன்

மேனேஜர் காரில் கூட்டிப்போனார். ஏசி ரொம்ப வைத்திருந்தார்கள், எனக்குப் பல் கிட்டியது.

எஸ்.ஐ. ஒரு பெண். தூக்கம் போதாத முகம். நான் சொல்ல வேண்டியது முன்பே டைப் அடித்து மேஜையில் தயாராக இருந்தது. அந்த ஸ்டேஷன் தமிழ் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். வெளியாட்கள் என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினேன்.

"மேடம், ரெஜினா எங்க ஆளு. மூணு நாளா எங்ககூட வேன்ல வந்தவ. அன்னைக்கும் ஏஜென்ட் போன் பண்ணிக் கூப்ட்டாரு, நான் பக்கத்துலதான் இருந்தேன்."

எஸ்.ஐ. மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் வெளியே போய்ப் போனில் பேசிவிட்டு வந்தார். முகம் இனிப்பாக இருந்தது.

"சரி மேடம், மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்குல்ல. அந்த அம்மா கிரவுட்னே வெச்சுக்கலாம். பேர எடுத்துடறோம். ஆபரேஷனும் கம்பெனி பாத்துக்கும். மத்தவங்களப் பத்தி மட்டும் பவுனம்மா சொல்லிடட்டும்."

நான் கேட்க வந்தது அதுதான். கேட்டது கிடைத்துவிட்டது. பேனாவைக் கையில் கொடுத்தார்கள். இந்த ஒரு கையெழுத்தில் ரெஜினாவின் இடுப்பு சரியாகிவிடும், எனக்கும் நாற்காலி இருக்கும். தேசம்மா யார் எனக்கு? கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவள். நாலு நாள் பார்த்த முகம், அவ்வளவுதான். கயிற்றைத் தூக்கிப் பிடித்தது அவளாகக் கூட இருக்கலாம். அன்றைக்கு நான் முகம் பார்க்கவில்லை, சிரிப்பைத்தான் பார்த்தேன்.

"மத்த மூணு பேரு யாரும் கூப்பிடாமதான வந்தாங்க?" என்றார் எஸ்.ஐ.

"கூப்ட்டாங்க மேடம்."

"யாரு?"

"பவுனம்மா" என்றார் மேனேஜர். அவர் பதில் சொல்லவில்லை, என்னை எச்சரித்தார். ஆனால் கேள்விக்கு அதுவே பதிலாகவும் இருந்தது.

"ஆமா மேடம், நான்தான். மைக்ல."

"யார் சொல்லிக் கூப்ட்ட?"

"மேல இருக்கறவங்க இங்கிலீஷ்ல சொன்னாங்க, மைக் என் கைக்கு வந்துது. அவங்க சொன்னது அவங்களுக்குத்தான் தெரியும். கூவுனது நானு."

"என்னன்னு கூப்ட்ட?"

"எல்லாரும் வாங்கன்னு."

"எல்லாரும்னா? கிரவுட்டா, பப்ளிக்கா?" அந்த வார்த்தைகள் இதற்குள் எஸ்.ஐ.க்கும் பழகிவிட்டிருந்தன.

"எல்லாரும்னா எல்லாரும்தான் மேடம். அதுல வெளியாள் கிடையாது."

எஸ்.ஐ. நாற்காலியில் சாய்ந்தார். "இப்டியே எழுதுனா ஒன் பக்கம்தான் திரும்பும். தெரியுதா?"

"தெரியுது."

"வீட்ல யாரு இருக்கா?"

"ஒரு பூனை வரும் மேடம். அதுவும் பக்கத்து வீட்டுது."

ஓரத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. டைப் அடித்த காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, வெள்ளைக் காகிதம் ஒன்று எடுத்தார். மெதுவாக எழுதினார். நான் சொன்னபடியே எழுதினார் என்றுதான் நினைக்கிறேன். படித்துக் காட்டினார், கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது கார் இல்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பக்கத்திலிருந்த பொம்பளை, காய்ச்சலா என்று கேட்டாள்.

பிப்ரவரி 13, வியாழன்

வேன் வந்தது. ஹாரன் அடித்தது. எனக்காக நிற்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

ரெஜினாவுக்குச் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், அதே கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில். கம்பெனி பணம் தருமா தராதா என்று எங்கள் கிரவுட்டு யூனியன் பேசிக்கொண்டிருக்கிறது. இந்திராணி வந்து லூர்துவிடம் ரெஜினாவுக்கு நைட்டி கொடுத்துவிட்டுப் போனாளாம். என் வீட்டு வாசலில் அரை நிமிஷம் நின்றாளாம். உள்ளே வரவில்லை.

காலையில் வார்டில் தேசம்மா கட்டிலண்டை போனேன். இந்தத் தடவை தண்ணீர் பிடிக்கப் போகவில்லை. "அன்னைக்குக் கூவுனது நான்தான்" என்றேன். "எனக்குத் தெரியும்கா, ஒன் தொண்டை யாருக்கு வரும்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மன்னித்தாளா இல்லையா என்று முதுகைப் பார்த்தால் தெரியவில்லை.

சாயங்காலம் லூர்து ஸ்டேஷனிலிருந்து வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கேஸ்லேர்ந்து அக்கா பேர எடுத்துட்டாங்க. தேசம்மா பேரு, அந்த ரெண்டு பேரோடது, எல்லாம் எடுத்துட்டாங்க."

"அப்புறம் இன்னாடா, மூஞ்சிய இப்டி வெச்சுகினு இருக்க?"

"புதுசா ஒரு பேரு சேத்திருக்காங்கக்கா."

யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன்.

"பவுனம்மாள், வயசு, வீட்டு அட்ரஸ்."

"முன்னாடி பின்னாடி ஒண்ணும் இல்லையா? கிரவுட்டு, மாப்பு, ஏதாவது?"

"இல்லக்கா. ஒன் பேரு மட்டும்தான்."

இத்தனை வருஷமாகக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றிருக்கிறேன், எவ்வளவோ படத்தில். என் பேரைத் தனியாக, முழுசாக ஒருத்தர் எழுதியது இதுதான் முதல் தடவை என்று லூர்துவிடம் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவன் வாசல்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.